அம்மா உருக்கிய வெண்ணெய்

உறவுகளே, நட்புகளே, அம்மாவின் கையால் ஒருவேளையாவது உண்டு மகிழ்ந்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி நாள் முதல் மேடையேறிப் பேசி வருபவள் நான். பரிசுக் கோப்பைகள் எங்கள் திண்டிவனம் வீட்டு அலமாரியில் இடம் கொள்ளாமல் ஃபிரிட்ஜின் தலைமேல் ஏறி அமர்ந்திருக்கின்றன என்பதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். ஆயினும் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது எந்தத் தொடக்கமும் கைகொடுக்கவில்லை. அப்பா என்னை அழைத்து, "நீதான் எழுதணும். மேடையில பேசற மாதிரி நீட்டிக்கினு போவாம, வந்தவங்க உக்காந்து படிக்கற மாதிரி எழுது" என்றார்.

அம்மாவும் இதையே ஒருமுறை சொன்னதுண்டு. என் பேச்சை நேரில் கேட்க அவர் வந்தது அந்த ஒரே முறைதான். விழுப்புரத்தில் நடந்த போட்டி. முதற்பரிசு எனக்கு. திரும்பி வரும் பேருந்தில், பேச்சு எப்படியிருந்தது என்று கேட்டேன். அம்மா மடியிலிருந்த கோப்பையை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தான் பேசன. ஆனா அவங்க மணி அடிச்சப்புறமும் எதுக்குப் பேசிக்கினு இருந்த?" என்றார்.

மணி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். அம்மாவின் வாழ்க்கையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அம்மாவுக்கு அந்த மணி, மேற்கே இறங்கும் சூரியன். நாங்கள் தமிழ்ச் சமணக் குடும்பத்தார். பொழுது சாய்ந்து விளக்கு வைத்தபின் எங்கள் வீட்டில் யாரும் உணவு கொள்வதில்லை. மூத்தவர்கள் தண்ணீரும் அருந்துவதில்லை. பிறர் இதனை நோன்பு என்பார்கள். அம்மாவுக்கு இது நோன்பாக இருந்ததே இல்லை. தம்மைச் சுற்றியுள்ள ஒவ்வொருவரின் வயிறும் வெளிச்சம் இருக்கும்போதே நிறைந்துவிட வேண்டும் என்பதே அவருடைய அன்றாடக் கவலை. அந்தக் கவலையே அவருடைய அன்பு.

செஞ்சிக்கு மேற்கே ஒரு சிற்றூரில், மானாவாரி நிலமும் ஒரு கிணறும் கொண்ட வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தவர் அம்மா. அவருடைய தந்தையார் இளம் வயதிலேயே காலமானார். பள்ளிவிட்டு வந்ததும் அம்மா பையை வைத்துவிட்டு மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொல்லையில் இறங்குவாராம். கடலை பிடுங்கி, ஆய்ந்து, உலர்த்தி, தம்பி தங்கைகளுக்குச் சோறாக்கி, அந்தி கறுக்குமுன் அவர்களுக்கு ஊட்டி முடித்த பிறகுதான் புத்தகத்தைத் தொடுவார். பத்தாம் வகுப்பில் தேறினார். மேலே படிக்க அம்மாவுக்கு ஆசையிருந்தது, வீட்டில் வழியிருக்கவில்லை. அந்த ஆசையை யார் மீதும் குறையாகச் சுமத்தாமல் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். என் கல்லூரிக் கட்டணத்தைவிட என் மேடைப் புடவைக்கு இஸ்திரி போடுவதில் அவருக்கு அக்கறை அதிகம்.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். இங்கே எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்; பின்னால் வருவது எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு வரும் மருமகள், தமது முதல் காணும் பொங்கலன்று பிறந்த வீட்டுப் பண்டம் ஒன்றைப் புகுந்த வீட்டு அடுப்பில் தம் கையால் செய்ய வேண்டும். அன்று மாலைப் பந்தியில் குடும்பத்தின் மூத்தவர் அதை முதலில் எடுத்து உண்ண வேண்டும். அதன் பிறகுதான் அவர் இந்த வீட்டுப் பெண். பண்டிகை நாளில் முதல் இலை போடும் உரிமை அதன் பிறகுதான் வரும்.

அம்மா தம் முதல் காணும் பொங்கலுக்கு மல்லாட்டை அரைத்துச் சேர்த்த கேப்பை அடை செய்தார். ஆள் கூடிய வீடு, ஈர விறகு, புதிய அடுப்பு. அடை வெந்து இறங்கும்போது முற்றத்தில் நிழல் மறைந்துவிட்டது. அப்பாவின் தந்தையார் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, கோபமில்லாமல் இலையை விட்டு எழுந்துகொண்டார். அவ்வளவுதான். அடுத்த காணும் பொங்கல் வரை, ஓராண்டு முழுவதும், அம்மா இந்த வீட்டில் இருந்தும் இல்லாதவராக இருந்தார். பண்டிகைக்குப் பண்டிகை வேறொருவர் முதல் இலையைப் போட, அம்மா சமையலறை வாசலில் நின்றார். இதை அம்மா யாரிடமும் முறையிட்டதில்லை. நான் அறிந்ததுகூட மிகப் பின்னால், அண்ணன் மனைவி, எங்கள் அண்ணியார், குரோசான் என்னும் பிரெஞ்சுப் பண்டத்தைச் செய்த அந்த மாலையில்தான்.

மண்டியில் மூட்டை சரிந்து விழுந்து அப்பாவின் முதுகு அடிபட்டபோது நான் சின்னஞ்சிறுமி. அப்பா எழுந்து நடமாடும் வரை அம்மாதான் மண்டியில் உட்கார்ந்தார். "பொம்பள வந்து தராசு புடிக்கறதா?" என்று எதிர்க்கடையில் கேட்டவர்களுக்கு, "தராசுக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்க. நீங்க மூட்டைய வையுங்க" என்று பதில் சொன்னாராம். அப்பா குணமான பிறகும் மாலை ஐந்து மணிக்கு அம்மா அங்கே போவது நிற்கவில்லை. மண்டியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால் பொழுது போய்விடும் என்பதால், தூக்குப் பாத்திரத்தில் அப்பாவின் இரவு உணவை எடுத்துக்கொண்டு மண்டிக்கே நடப்பார். மூட்டை தூக்குபவர்களுக்கும் அதில் பங்குண்டு. "ஐயாவுக்கு அஞ்சு மணி அடிச்சிட்டுது" என்று அவர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டு முதல் ஆளாகக் கையை நீட்டுவார்கள்.

இனி, என் நெஞ்சில் அழியாது நிற்கும் அந்தக் காணும் பொங்கலுக்கு வருகிறேன்.

புதுச்சேரியில் வேலை செய்யும் அண்ணன், அங்கேயே தமக்கேற்ற துணையைக் கண்டுகொண்டார். அண்ணியார் எங்கள் சமயத்தவர் அல்லர். மீனும் முட்டையும் புழங்கும் வீட்டில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் மனமுவந்து மணமுடித்து வைத்தனர். அப்பாவின் தமையனார், விழுப்புரத்தில் வசிக்கும் பெரியப்பா, திருமணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், பந்தியில் உட்காராமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு வந்த இரண்டு காணும் பொங்கலுக்கும் அவர் திண்டிவனம் வரவில்லை. குடும்பத்தின் மூத்தவர் வராமல் அண்ணியார் எந்தப் பண்டத்தைச் செய்து யார் இலையில் வைப்பது? அண்ணியாரும் பண்டிகையன்று சமையலறை வாசலில் நின்றார். அவர் அங்கே நிற்பதை அம்மாவால் பார்க்க முடியவில்லை.

நான் விழுப்புரத்தில் பெரியப்பா வீட்டில் தங்கித்தான் கல்லூரிக்குப் போய்வருகிறேன். ஆகவே வழக்கை அவர்முன் வைக்கும் வாய்ப்பு எனக்கே கிடைத்தது. ஓர் இரவு, மனிதர் அனைவரும் சமம் என்பதில் தொடங்கி, வழக்கங்கள் எதற்காகத் தோன்றின என்பது வரை, மறுக்க முடியாத வாதங்களை அடுக்கினேன். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நல்லா பேசன. போய்ப் படு, காலையில காலேஜி இருக்குது" என்றார்.

அம்மா வாதாடவில்லை. பொங்கலுக்கு முன் ஒருநாள் பேருந்தேறி விழுப்புரம் வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குப் பழம் வைத்துப் பெரியப்பா முன் நீட்டினார்.

"காணும் பொங்கலுக்கு நீங்க வரணும், மாமா."

பெரியப்பா தாம்பாளத்தைப் பார்த்துச் சொன்னார். "வர்றேன். எந்தம்பி வூடு, நான் வராம யாரு வருவா? ஆனா ஒன்னு. பொழுதோட சாப்பாடுன்னா உக்கார்றேன். வெளக்கு வெச்சிட்டா தண்ணிகூட தொட மாட்டேன். அப்புறம் மனசு சங்கடப்படக் கூடாது."

"பொழுதோட வாங்க மாமா, போதும்" என்று அம்மா வெற்றிலையை அவர் கையில் வைத்தார்.

அண்ணியாரின் தந்தையார் புதுச்சேரியில் ஒரு பேக்கரியின் அடுப்படியில் வேலை செய்தவர். பண்டிகை தோறும் ஊருக்கெல்லாம் குரோசான் சுட்டுக் கொடுத்துவிட்டு, விடுமுறை மாலையில் வீடு திரும்பித் தம் பிள்ளைகளுக்கென்று அவசரக் குரோசான் ஒன்று செய்வாராம். மாவை இரவெல்லாம் புளிக்கவிட நேரமிருக்காது. ஈஸ்ட்டுக்குப் பதில் தயிரும் சோடாவும் சேர்த்துப் பிசைந்து, வெண்ணெயை வைத்து மடித்து மடித்துத் தேய்த்து, உள்ளே சீஸைத் துருவிப் போட்டுச் சுருட்டி, பிறைபோல் வளைத்துச் சுட்டெடுப்பார். அண்ணியார் பள்ளியில் படிக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். பிறந்த வீட்டுப் பண்டம் எது என்று அம்மா கேட்டபோது, அண்ணியார் தயங்கித் தயங்கிச் சொன்னது அதைத்தான்.

அம்மா அதனைக் கேட்டு மகிழ்ந்துபோனார். "ராத்திரி வெச்ச மாவு வேணாம், முட்ட வேணாம்னா, அது நம்ம வூட்டுப் பண்டந்தான்மா!" என்றார். இரவு தங்கிப் புளித்த மாவு எங்களுக்கு ஆகாது. மேலே தடவ முட்டைக்குப் பதில் பால் என்று முடிவாயிற்று. சீஸ் டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்தார். அண்ணியார் சீராகக் கொண்டுவந்த சிறிய ஓவன் பரணிலிருந்து இறங்கியது. அண்ணன் வாங்கிவந்த வெண்ணெயை அம்மாவே ஃபிரிட்ஜில் வைத்து, "இது மருமவளோட வெண்ண. யாரும் தொடக்கூடாது" என்று எங்கள் எல்லோருக்கும் கட்டளையிட்டார்.

காணும் பொங்கலன்று விடியலில் எழுந்தபோது வீடே மணத்தது. முருங்கைக்கீரை போட்டு நெய் உருக்கும் மணம். யாரும் எதுவும் நினைக்கவில்லை. அது எங்கள் வீட்டில் புதிய மணம் அன்று. மதியம் கடந்து, அண்ணியார் மாவு பிசைந்து வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அத்த, வெண்ண எங்கீங்க?"

"எந்த வெண்ண?"

"நேத்து வெச்சமே, ரெண்டு பாக்கெட்டு."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பு மேடையில் பித்தளைத் தூக்கு நிறையப் பொன்னிறத்தில் நெய் ஆறிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம்.

உங்களில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. எனினும் அண்ணியாரின் உறவினர்களும் இதைப் படிக்கிறார்கள் அல்லவா? வெண்ணெயை வெண்ணெயாக வைத்திருப்பது எங்கள் வீட்டு வழக்கம் இல்லை. கடைந்தெடுத்த சூட்டோடு உருக்கிவிட வேண்டும். வைத்திருந்தால் அதில் உயிர்கள் உண்டாகும் என்பது எங்கள் முன்னோர் கண்ட நெறி. அம்மாவின் கைகள் பிறந்தது முதல் அந்த நெறியில் பழகியவை. அதிகாலையில் ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறார், வெண்ணெய் கண்ணில் பட்டிருக்கிறது, மீதியைக் கைகள் பார்த்துக்கொண்டன.

"ஐயையோ, ஜல்தியா கடைக்குப் போடா!" என்று அப்பா பதறினார். அண்ணன் வண்டியெடுத்து ஊரைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார். "எல்லாம் சாத்திக்கினு பீச்சுக்குப் போயிட்டானுங்கப்பா. பேஜாரு" என்றார். அண்ணியாரின் கண்கள் கலங்கிவிட்டன. மூன்றாவது ஆண்டு. அதைப் பார்த்த அம்மா ஒரே ஒரு கணம்தான் நின்றார். பிறகு பெரிய தாம்பாளத்தைக் கழுவித் துடைத்து, நெய்யை அதில் மெல்லிசாக ஊற்றி, ஃபிரிசரில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டுத் தாம்பாளத்தை உள்ளே தள்ளினார்.

"தூக்கோட வெச்சா ராத்திரிதான் ஒறையும். தட்டுல ஊத்தினா ஜல்தியா ஒறஞ்சிடும். வெண்ணையும் நெய்யும் ஒரே மாட்டுதுதானேமா?"

அண்ணியார் சிரித்துவிட்டார். "எங்கப்பா இருந்தா நெய்யில குரோசானான்னு அடிக்க வருவாரு அத்த."

"வரட்டும். ஒரு வாய் குடுத்து உக்கார வெச்சிடலாம்."

நெய் வெள்ளையாய் இறுகியதும் தேங்காய்த் துருவலைப்போல் அதைச் சுரண்டிச் சுரண்டித் தேய்த்த மாவின்மேல் தூவினார்கள். மடித்தார்கள், குளிரவைத்தார்கள், தேய்த்தார்கள், மீண்டும் மடித்தார்கள். அம்மா அடிக்கொருதரம் முற்றத்து நிழலைப் பார்த்தபடியே அண்ணியாரிடம் அந்தக் கேப்பை அடையின் கதையைச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எனக்கு ஒரு வருசம். ஒனக்கு ரெண்டு வருசம் ஆயிட்டுது. இன்னிக்கி வுடக் கூடாது" என்று முடித்தபோது அவர் கையிலிருந்த சப்பாத்திக் கட்டை நிற்கவேயில்லை. வட்டமாகத் தேய்த்ததை முக்கோணம் முக்கோணமாக வெட்டி, அகன்ற பக்கத்தில் சீஸை வைத்துச் சுருட்டி வளைத்தார் அண்ணியார். அம்மா ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்து, "சோமாசிக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கறானே!" என்றார்.

ஓவனிலிருந்து முதல் தட்டு வந்தது. பொன்னிறம், அடுக்கடுக்காய் ஏடு, சமையலறை முழுவதும் நெய்மணம். அந்த நேரத்தில் அப்பாவின் கைப்பேசி ஒலித்தது. பெரியப்பா.

"தம்பி, பஸ்ஸு நவுர மாட்டேங்குது. லீவு முடிஞ்சி மெட்ராசுக்குத் திரும்பற காரெல்லாம் ரோட்ட அடச்சிக்கினு நிக்குது. கூட்டேரிப்பட்டே இன்னும் தாண்டல. இனிமே வந்து சேந்தா இருட்டிடும். நான் எறங்கி எதுர் பஸ்ஸப் புடிச்சி வூட்டுக்குப் போறேன். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு."

அப்பா கைப்பேசியைப் பிடித்தபடி அண்ணியாரைப் பார்த்தார்.  அம்மா கைப்பேசியை வாங்கினார்.

"மாமா, கூட்டேரிப்பட்டுல எறங்கி மயிலம் பிரியற முனையில நில்லுங்க. திரும்பிப் போவாதீங்க. நாங்க வர்றோம்."

"நீங்க எங்கம்மா வர்றது? இங்க ரோடே—"

"மெட்ராசுக்குப் போற பக்கந்தான் அடப்பு மாமா. நாங்க வர்ற பக்கம் காலி." சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வாழ்நாளெல்லாம் ஐந்து மணிக்குத் தூக்கெடுத்து மண்டிக்கு நடந்தவருக்கு அது ஒரு புதிய யோசனையே அன்று. உண்பவர் வர முடியவில்லையென்றால் உணவு போக வேண்டியதுதான். மண்டியின் லோடு வண்டியை, நாமெல்லாம் குட்டியானை என்போமே அதை, அண்ணன் வாசலுக்குக் கொண்டுவந்தார். பின்புறம் சாக்கு விரித்துச் சோறும் குழம்பும் பொரியலும் ஏறின. தலைவாழை இலைக்கட்டும் வடிகட்டிய தண்ணீர்க் குடமும் ஏறின. அப்பாவும் நானும் ஏறினோம். முன்னிருக்கையில் அம்மா, பக்கத்தில் மடிமேல் சூடான தட்டோடு அண்ணியார். எதிர்ப்பக்கம் விளக்குக்குப் பின் விளக்காக நின்றுகிடக்க, எங்கள் பக்கம் வழி விரிந்து கிடந்தது. வலப்புறம் சூரியன் எங்களோடு போட்டி போட்டுக்கொண்டு இறங்கியது.

மயிலம் பிரியும் முனையில், ஒரு தேநீர்க் கடையோரம், வெள்ளை வேட்டியும் மஞ்சள் பையுமாகப் பெரியப்பா நின்றிருந்தார். அண்ணன் வண்டியை ஓரங்கட்டிப் பின்பலகையை இறக்கினார். அம்மா சாக்கை உதறி விரித்து இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். தேநீர்க் கடைக்காரர் ஓடிவந்து ஒரு பெஞ்சைக் கொடுத்தார்.

"என்னாம்மா இது, நடுரோட்ல பந்தி போட்டுக்கினு! பாக்கறவன் சிரிக்க மாட்டான்?"

"சிரிக்கட்டும் மாமா. வெயில் இருக்குது பாருங்க. மொதல்ல கையக் கழுவுங்க."

பெரியப்பா மேற்கே பார்த்தார். பனைகளுக்கு மேல் இன்னும் ஒரு கையளவு வெளிச்சம் இருந்தது. கை கழுவி உட்கார்ந்தார். அம்மா விலகி நின்று அண்ணியாரை முன்னால் விட்டார். அண்ணியார் ஒரு குரோசானை இலையில் வைத்தார்.

"என்னாமா இது?"

"குரோசானுங்க பெரிய மாமா. எங்கப்பா செய்வாரு."

"முட்ட?"

"இல்லீங்க."

"வெண்ண?"

அண்ணியார் அம்மாவைப் பார்த்தார். அம்மா குடத்தைப் பார்த்தார். "இருந்துதுங்க பெரிய மாமா. காலையில அத்த உருக்கிட்டாங்க. இது நெய்யி."

பெரியப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தச் சாலையோரம் அதிர ஒரு சிரிப்பு வந்தது. நாங்கள் மூன்றாண்டாகக் கேட்காத சிரிப்பு. "அதானே பாத்தேன்! எங்க வூட்டுப் பொண்ணு வெண்ணைய உசுரோட வுடுவாளா!" என்றார். குரோசானைப் பிய்த்தார். ஏடுகள் உதிர்ந்து வேட்டியெல்லாம் விழுந்தன. "யப்பா, என்னாமா ஒதிருது!" மென்றார். இன்னொரு விள்ளல் எடுத்தார். அதை வாயில் போடாமல், கையில் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் அம்மாவிடம் சொன்னார்.

"அன்னிக்கி எங்கப்பா எழுந்துட்டாரு. நான் பக்கத்து இலையிலதான் உக்காந்திருந்தேன். நீ சூடா அடைய வெச்சிக்கினு நின்ன. ஒரு வார்த்த நான் பேசியிருக்கலாம். ஒன்ன ஒரு வருசம் காக்க வெச்சிட்டோம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொழம்பு ஊத்தட்டுமா மாமா?" என்றார்.

பெரியப்பா அந்தப் பண்டத்தை ஒரு துகள் மிச்சமில்லாமல் உண்டார். பிறகு அண்ணியாரிடம், "இன்னும் ஒன்னு இருக்குதாம்மா? ஒங்க பெரியத்தைக்கு எடுத்துக்கினு போறேன். நாளைக்கி வெயில் வந்ததும் சாப்புடுவா" என்றார். அண்ணியார் ஓர் இலைத்துண்டில் சுற்றிக் கொடுக்க, பெரியப்பா அதை மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்தார். நாங்கள் அனைவரும் வண்டியைச் சுற்றி நின்றபடியே உண்டு முடித்தோம். பனைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கியபோது அம்மா கடைசிக் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ வெற்றிகளைக் கண்டிருக்கிறேன். கைதட்டல் இல்லாத அந்த வெற்றிக்கு ஈடாக ஒன்றைக் கண்டதில்லை.

அதற்கடுத்த பொங்கலுக்கு அம்மா உடல் மெலிந்திருந்தார். வயிற்றில் கட்டி என்றார்கள். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே இரவு உணவு ஏழு மணிக்கு வரும், அம்மா தொடமாட்டார். ஆகவே ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்கு அண்ணியார் தம் தாய்வீட்டிலிருந்து தூக்கெடுத்துக்கொண்டு வந்தார். அவர் வாசலில் தலைகாட்டும்போதே, "எனக்கு அஞ்சு மணி அடிச்சிட்டுது" என்று அம்மா செவிலியரிடம் சொல்லிச் சிரிப்பார்.

கடைசி வாரத்தில் ஒருநாள் அம்மாவின் ஆசைக்காக அண்ணியார் குரோசான் கொண்டுவந்தார். மேகம் மூடிய மாலை. சன்னல் திரை சாத்தியிருந்தது.

"பொழுது இருக்குதாமா?" என்றார் அம்மா.

"இருக்குது அத்த." அண்ணியார் திரையை விலக்கிக் காட்டினார். மேகத்தின் விளிம்பில் வெளிச்சம் இருந்தது.

அம்மா ஓர் ஏட்டை மட்டும் பிய்த்து நாவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது அண்ணியார், எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்ததைக் கேட்டுவிட்டார். "அத்த, அன்னிக்கி வெண்ணைய மறந்துபோய்தான் உருக்கனீங்களா? நெசமாச் சொல்லுங்க."

அம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "அவன் சாப்ட்டானா கேளு. காலையிலருந்து சுத்திக்கினு இருக்கறான்" என்று அண்ணனைக் காட்டினார். இருபக்கமும் நின்று வாதாடப் பயின்றவள் நான். இந்த ஒரு வழக்கில் மட்டும் இருபக்கமும் வாதாடிப் பார்த்துவிட்டேன். தீர்ப்புக்கு வர முடியவில்லை. வரவும் விருப்பமில்லை.

அம்மா ஒரு காலைப்பொழுதில், நல்ல வெளிச்சத்தில், எங்களை விட்டுப் பிரிந்தார்.

அம்மாவைத் தம் தாய்போல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. அழைத்த நேரமெல்லாம் புதுச்சேரிச் சாலையில் கார் ஓட்டிவந்து, கடைசிப் பயணத்திலும் கூடவே இருந்த கிளியனூர்ச் சகோதரரை மறக்கமாட்டோம். அடுப்பு மூட்டாத நாள்களில், வெயில் இருக்கும்போதே எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்து வைத்த அண்டை வீட்டார், அம்மாவின் வழக்கத்தை அம்மாவுக்கே திருப்பிச் செய்தார்கள். மண்டித் தொழிலாளர்கள் மூட்டை தூக்கிய தோளில் அம்மாவைச் சுமந்தார்கள். பெஞ்சு கொடுத்த கூட்டேரிப்பட்டுத் தேநீர்க் கடைக்காரர், செய்தி கேட்டுக் கடையைச் சாத்திவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்றார். அண்ணியாரின் தாயார் அந்த நாள்களில் தம் வீட்டையே அம்மாவின் சமையலறையாக்கித் தந்தார். இவர்களுக்கெல்லாம் நன்றி என்னும் சொல் சிறியது. ஆயினும் என்னிடம் வேறு சொல் இல்லை.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் மாலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தி நடக்கும். முதல் இலையை யார் போடுவது என்ற கேள்வி இம்முறை எழவில்லை. கருமாதி முடிந்த அன்றே பெரியப்பா எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: "அவ போட்ட எடத்துல, அவ மருமவ போடட்டும். மொத இலை எனக்கு." அந்த இலையின் ஓரத்தில் நெய்யில் செய்த குரோசான் ஒன்று இருக்கும். உங்கள் இலைகளிலும் இருக்கும். உதிரும் ஏடுகள் வேட்டியிலும் புடவையிலும் விழுந்தால் பொருட்படுத்தாதீர்கள்.

எனக்கு இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் முற்றத்தில் நிழல் நீளத் தொடங்கும். அண்ணியார் இலைக்கட்டைப் பிரிப்பார். படித்ததை மடித்து வைத்துவிட்டு எழுந்து வாருங்கள், கை கழுவுங்கள். பொழுது இருக்கிறது.